14400: காணாமல் போன ஒரு மணி நேரமும் அதைத் தேட உதவிய சின்னச் சின்ன அமைப்புகளும்

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் ஒரு சின்ன மென்பொருள் அணிக்கு, அதாவது எங்களுக்கு, வந்த வேலையைப் பற்றியது இது. வாடிக்கையாளர் ஓர் ஓட்டல் குழுமம். மொரீஷியஸில் சில ஓட்டல்கள், பக்கத்துத் தீவான ரீயூனியனில் ஒன்று. பழைய பில் பதிவுகளைப் புதிய கணக்கு அமைப்புக்குள் கொண்டுவந்து மாதவாரி வருமானத்தைக் காட்ட வேண்டும். காட்டினோம். அவர்களுடைய பேரேட்டோடு எல்லா ஆண்டும் ஒத்துப்போனது, 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரையான ஆறு மாதங்களைத் தவிர.

வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் விநோதமாக இருந்தது. ஆறு மாதத்தையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் சரி. ஒரு மாதத்தில் கூடியிருந்த தொகை அடுத்த மாதத்தில் குறைந்திருந்தது. டிசம்பரில்தான் மிக அதிகமாகக் கூடியிருந்தது, ஜனவரியில் மிக அதிகமாகக் குறைந்திருந்தது. ரீயூனியன் ஓட்டலின் கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடலாம். மொரீஷியஸ் 2008 அக்டோபர் 26 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. 2009 மார்ச் 29 அன்று பழையபடி வைத்தது. ஒரு சோதனையாகச் செய்தார்கள், மறு ஆண்டு தொடரவில்லை. அந்த ஐந்து மாதம் தீவின் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்து மணி நேரம் முன்னால் இருந்தது. வழக்கமாக நான்குதான். நிரலில் யாரோ அந்த நான்கு மணி நேரத்தை விநாடியாக்கி 14400 என்று யூடிசி நேரத்தோடு நேரடியாகக் கூட்டியிருந்தார்கள். ஆகவே அந்தக் காலத்தில் நள்ளிரவு 12 மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே போட்ட பில் எல்லாம் முந்தின நாளில் போய் உட்கார்ந்தது. மாதக் கடைசி இரவென்றால் முந்தின மாதத்தில். டிசம்பர் 31 இரவு கடற்கரை ஓட்டலில் எவ்வளவு பில் ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிழை இவ்வளவுதான். திருத்தமும் சில வரிகள்தான். இதைக் கண்டுபிடிக்கத்தான் நாள்கணக்கில் இழுத்தது. இழுத்ததற்குக் காரணம் நேரமண்டலமே இல்லை, அவரவர் கணினியில் அவரவர் வைத்திருந்த அமைப்புகள். இந்த ஆய்வு அதைப் பற்றித்தான்.

இரண்டு பட்டியல், இரண்டு வரிசை

முதல் வேலை, எந்தெந்த பில் இடம் மாறியிருக்கிறது என்று பார்ப்பது. அவர்கள் பேரேட்டை எக்செலிலிருந்து சிஎஸ்வியாக (புலங்களைக் கமாவால் பிரிக்கும் உரை ஃபைலாக) அனுப்பினார்கள். எங்களிடம் தரவுத்தளத்திலிருந்து எடுத்த சிஎஸ்வி இருந்தது. இரண்டையும் வரிசைப்படுத்தி, பொது வரிகளையும் தனி வரிகளையும் பிரித்துக் காட்டும் காம் கட்டளையால் ஒப்பிட்டால் முடிந்தது. அப்படித்தான் நினைத்தோம்.

அலுவலகம் பிரெஞ்சு புழங்கும் ஊரில் இருக்கிறது. அவர்களுடைய எக்செல் பிரெஞ்சு அமைப்பில் ஓடுகிறது. சிஎஸ்வி என்று பெயர், ஆனால் புலங்களைப் பிரிப்பது அரைப்புள்ளி, ஏனென்றால் கமா ஏற்கெனவே தசமப் புள்ளியின் வேலையைப் பார்க்கிறது. ஆயிரங்களைப் பிரிக்க ஓர் இடைவெளி, அதுவும் சாதாரண இடைவெளி இல்லை, உடையாத இடைவெளி. எழுத்துக் குறியாக்கம் விண்டோஸ்-1252. ரீயூனியன் என்ற பெயரில் தலைக்குறி போட்ட எழுத்து ஒன்று இருக்கிறதே, யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்தால் அது குப்பையாகத் தெரியும்.

குறியாக்கத்தை ஐகான்வ் என்ற மாற்றுக் கருவி சரிசெய்தது. அதற்கப்புறம் வந்ததுதான் எரிச்சல். எங்கள் அணியில் ரோஸ் ஹில்லில் இருந்து வரும் அக்காவின் லினக்ஸ் கணினியில் பிரெஞ்சு லொக்கேல், அதாவது பிரெஞ்சு மொழி, வட்டார அமைப்பு. எங்கள் சர்வரில் சி லொக்கேல். ஒரே ஃபைலை இரண்டு இடத்திலும் சார்ட் செய்தால் இரண்டு விதமான வரிசை வந்தது. பிரெஞ்சு லொக்கேல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, தலைக்குறி, நிறுத்தக்குறி ஆகியவற்றை அகராதி முறையில் பார்க்கும். சி லொக்கேல் வெறும் பைட் மதிப்பைப் பார்க்கும். ஓரிடத்தில் வரிசைப்படுத்திய ஃபைலை இன்னோரிடத்தில் காமுக்குக் கொடுத்தால், ஃபைல் வரிசையில் இல்லை என்று அது புலம்பும். புலம்பிவிட்டு ஒரு விடையும் தரும். அந்த விடையை நம்பித்தான் எங்கள் அணியில் சென்னையில் இருந்த தம்பி பாதி நாள் தேடினான்.

(வரிசை என்பது இந்தத் தீவின் தமிழர்களுக்கு லேசான விஷயம் இல்லை. 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழ் வழக்கமான இடத்தைவிட்டுக் கீழே இறங்கியது என்று பெரிய எதிர்ப்பு வந்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.)

பாஷ் (லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்டிலும் இதே தொல்லை. தொகையை இரண்டு தசமத்துக்குச் சுருக்க பிரின்ட்எஃப் கட்டளை போட்டிருந்தோம். பிரெஞ்சு லொக்கேலில் 1.5 என்று புள்ளி வைத்துக் கொடுத்தால் அது எண்ணே இல்லை என்று பாஷ் பிழை காட்டுகிறது. அதற்கு 1,5 வேண்டும். என் கணினியில் ஓடிய ஸ்கிரிப்ட் அக்கா கணினியில் ஓடாததற்குக் காரணம் இதுதான்.

தீர்வு ஒரே வரி. தரவை ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றின் தலையிலும் லொக்கேலைத் தீர்மானிக்கும் எல்சி ஆல் மாறியை சி என்று வைத்துவிடுவது. மனிதர் பார்க்கும் அறிக்கைக்கு லொக்கேல் வேண்டும், இயந்திரம் ஒப்பிடும் ஃபைலுக்குக் கூடாது. திரும்பி எக்செலுக்குக் கொடுக்கும் சிஎஸ்விக்கு இன்னொரு சின்னத் துணுக்கு: பைதானில் எழுதும்போது குறியாக்கமாக யூடிஎஃப்-8-சிக் என்று கொடுக்க வேண்டும். ஃபைலின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் சேரும், எக்செல் அதைப் பார்த்துத் தலைக்குறிகளைச் சரியாகக் காட்டும். எத்தனையோ வாடிக்கையாளர் புகார்களை இந்த நான்கு எழுத்துப் பின்னொட்டு அடக்கியிருக்கிறது.

ஒப்பீடு ஒழுங்காக ஓடியதும், இடம் மாறிய பில்களின் பட்டியல் கிடைத்தது. எல்லாமே பேரேட்டில் நள்ளிரவுக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தைச் சேர்ந்தவை. பட்டியலைத் திரையில் பார்த்த அக்காதான் என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்த வருஷம் தீபாவளி சமயத்துல மணியை மாத்தினாங்களே. காலையில இருட்டா இருக்குன்னு எங்கம்மா திட்டிக்கிட்டே இருந்தாங்க." தமிழ்நாட்டிலிருந்து பின்னாளில் வந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? மொரீஷியஸில் கோடைக்கால நேரம் என்று ஒன்று இருந்ததே அன்றுதான் தெரிந்தது.

ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பும் சர்வர்

சுருக்கமாக ஓர் இடைக்குறிப்பு. பழைய பதிவுகள் பிரான்சில் உள்ள சர்வரில் இருந்தன. மொரீஷியஸிலிருந்து போகும் பாக்கெட் கடலடிக் கேபிளில்தான் போகிறது. 2002இல் வந்த சேஃப் கேபிள் தென்னாப்பிரிக்காவையும் இந்தியாவையும் மலேசியாவையும் தொடுகிறது. 2021இல் வந்த மெட்டிஸ் தென்னாப்பிரிக்கா பக்கம் போகிறது. எப்படிப் போனாலும் சுற்று வழி. தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்புத் தொடங்க ஒரு தடவை போய்வந்தால் போதாது, கைகுலுக்கல், சாவி பரிமாற்றம், அடையாளச் சரிபார்ப்பு என்று பல தடவை போய்வர வேண்டும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக இணைத்துத் துண்டித்துக்கொண்டிருந்தால் வேலையைவிடக் காத்திருப்பதுதான் அதிகம்.

எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைலில் மூன்று வரி: கன்ட்ரோல் மாஸ்டரை ஆட்டோ என்றும், கன்ட்ரோல் பாத்துக்கு ஒரு சாக்கெட் முகவரியும், கன்ட்ரோல் பெர்சிஸ்டைப் பத்து நிமிடம் என்றும் வைத்தோம். முதல் இணைப்பு திறந்தே இருக்கும், அடுத்தவை அதன் மேல் ஏறிப் போகும். ஐரோப்பாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது சொகுசு. எபேனில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தேவை. கூடவே சர்வர் அலைவ் இன்டர்வலை அறுபது விநாடி என்று வைத்ததும், டீ குடித்துவிட்டு வந்தால் டெர்மினல் உறைந்து கிடப்பது நின்றது. விண்டோஸோடு வரும் எஸ்எஸ்ஹெச்சில் கன்ட்ரோல் மாஸ்டர் வேலை செய்யாது, அங்கே விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் உள்ளிருந்து இணைக்க வேண்டும்.

பிளேம் காட்டிய அப்பாவி

காரணம் தெரிந்த பிறகு நிரலில் 14400 என்று தேடினோம். ஓரிடத்தில் கிடைத்தது. மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான்கு மணி நேரத்தை 14400 என்று எழுதியவர் இன்னோரிடத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம் அல்லவா? அந்த வரியை முதலில் எழுதிய கமிட்டை (ஒரு தடவையில் பதிந்த மாற்றத் தொகுதியை) பிடித்தால், கூடவே எதையெல்லாம் தொட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேம் கட்டளையைப் போட்டோம். அந்த ஃபைலின் எல்லா வரிக்கும் ஒரே ஆள், ஒரே தேதி. சென்னைத் தம்பி. அவன் பாவம், அந்த ஃபைலில் ஒரு எழுத்தைக்கூட யோசித்து எழுதியதில்லை. அவனுடைய விண்டோஸ் கணினியில் கிட்டின் ஆட்டோ சிஆர்எல்எஃப் (வரிமுடிவைத் தானே சீராக்கும் அமைப்பு) அணைந்திருந்தது. எடிட்டர் ஃபைலைச் சேமிக்கும்போது வரிமுடிவை லினக்ஸின் எல்எஃப் என்பதிலிருந்து விண்டோஸின் சிஆர்எல்எஃப் என்று மாற்றியது. கூடவே நிரலின் தோற்றத்தை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் நீள வரிகளை உடைத்து மடித்தது. விளைவு, ஃபைல் முழுவதும் புதிதாக எழுதப்பட்டதாகக் கிட் பதிந்துகொண்டது.

வெறும் வரிமுடிவு மாற்றம் என்றால் பிளேமுக்குச் சின்ன டபிள்யூ ஆப்ஷன் கொடுத்தால் போதும், இடைவெளி மாற்றங்களை அது கண்டுகொள்ளாது. வரிகள் உடைந்து மடிந்திருந்ததால் இங்கே அது பாதிதான் உதவியது. கைகொடுத்தது கமிட் வரலாற்றைக் காட்டும் கிட் லாக். பெரிய எழுத்து எஸ் ஆப்ஷனோடு 14400 என்று கொடுத்தால், அந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை மட்டும் அது காட்டும். வரிமுடிவு மாறினாலும் வரி மடிந்தாலும் எண்ணிக்கை மாறாது, எனவே தம்பியின் கமிட் பட்டியலிலேயே வராது. பெரிய எழுத்து ஜி ஆப்ஷன் அப்படி இல்லை. மாறிய வரிகளில் அந்தச் சொல் இருந்தாலே காட்டும், எனவே அந்த அப்பாவிக் கமிட்டையும் இழுத்துவரும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பலர் ஜியையே பயன்படுத்திவிட்டு எஸ்ஸைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

ரிவர்ஸ் ஆப்ஷனும் சேர்த்தால் மிகப் பழையது மேலே வரும். வந்தது. எங்களுக்கு முன்னால் இந்த நிரலைப் பார்த்த ஒப்பந்த அணியின் கமிட், 'நேரத் திருத்தம்' என்ற பொருளில் ஒரே வரிச் செய்தி. அதைத் திறந்தால், நினைத்தபடி, மூன்று இடம் இருந்தது. பைதானில் 14400. ஒரு எஸ்க்யூஎல் வினவலில் நான்கு மணி நேர இன்டர்வல். அறிக்கை வார்ப்புருவில் +04:00 என்ற சரம். 14400ஐ மட்டும் தேடித் திருத்தியிருந்தால் மற்ற இரண்டும் அப்படியே கிடந்திருக்கும்.

அதற்கப்புறம் ரெப்போவை, அதாவது நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை, சுத்தம் செய்தோம். கிட் அட்ரிபியூட்ஸ் ஃபைலில் எல்லா ஃபைலுக்கும் டெக்ஸ்ட் ஆட்டோ (வரிமுடிவைக் கிட்டே பார்த்துக்கொள்ளும்). ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு வரிமுடிவு கட்டாயம் எல்எஃப், விண்டோஸ் பேட்ச் ஃபைல்களுக்குக் கட்டாயம் சிஆர்எல்எஃப், படங்களுக்கு பைனரி. ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு சிஆர் புகுந்தால் லினக்ஸ் சர்வர், பாஷ் என்ற பெயரோடு ஒட்டிய அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் சேர்த்துத் தேடி, அப்படியொரு நிரலே இல்லை என்று சொல்லும். பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. பிறகு கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் ஆப்ஷனோடு ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் சரிசெய்தோம். அந்தக் கமிட்டில் வேறு எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. இது முக்கியம்.

ஏனென்றால் அடுத்த படி அந்தக் கமிட்டை பிளேமிலிருந்து மறைப்பது. 2019இல் வந்த கிட் 2.23 முதல், கண்டுகொள்ள வேண்டாத கமிட்டுகளின் பட்டியலை ஒரு ஃபைலில் வைத்து பிளேமுக்குக் காட்டலாம். கமிட் அடையாளத்தைச் சுருக்காமல் முழு நீளத்துக்கு எழுத வேண்டும். தம்பியின் பழைய கமிட்டும் புதிய சுத்திகரிப்புக் கமிட்டும் அந்தப் பட்டியலில் ஏறின. பிளேம் இப்போது உண்மையாக எழுதியவரைக் காட்டுகிறது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. இந்த ஃபைலின் பெயரைக் கிட்டின் குளோபல் அமைப்பில் போட்டுவிட்டால், அந்த ஃபைல் இல்லாத மற்ற ரெப்போக்களில் பிளேம் பிழை காட்டி நின்றுவிடும். ரெப்போ அளவில்தான் வைக்க வேண்டும். ஆனால் ரெப்போவுக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைக் கிட் தானாகப் படிக்காது. படித்தால் யாரோ ஒருவருடைய ரெப்போவைக் குளோன் செய்ததுமே, அதாவது நகலெடுத்ததுமே, அவருடைய கட்டளை உங்கள் கணினியில் ஓடலாம், ஆகவே அது நியாயம்தான். நாங்கள் செய்தது: ரெப்போவின் வேரில் ஒரு கிட் கான்ஃபிக் ஃபைல், புதிதாக வருபவர் குளோன் செய்ததும் ஒரே ஒரு முறை இன்க்ளூட் பாத் அமைப்பை அதன் பக்கம் திருப்பும் கட்டளையை ஓட்ட வேண்டும். அந்தப் பாதை டாட் கிட் அடைவிலிருந்து கணக்காகும், எனவே முன்னால் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வேண்டும்.

திருத்தம்

ஓட்டல் அட்டவணையில் நேரமண்டலத்துக்கு ஒரு புலம் சேர்த்தோம். மொரீஷியஸ் ஓட்டல்களுக்கு இந்தியன்/மொரீஷியஸ், ரீயூனியனுக்கு இந்தியன்/ரீயூனியன். எல்லாவற்றுக்கும் மொரீஷியஸ் என்று போட்டிருந்தால் இதுவரை சரியாக இருந்த ஒரே ஓட்டலும் கெட்டிருக்கும். ரீயூனியன் பிரான்சின் பகுதிதான், ஆனால் பிரான்சின் கோடைக்கால நேரம் அங்கே கிடையாது, 2008இலும் மணி மாறவில்லை. அந்த ஓட்டலுக்கு 14400 சரியான விடைதான்.

மாற்றும் துணுக்கு சின்னது. பைதான் 3.9 முதல் நேரமண்டலக் கணக்குப் பார்க்கும் ஜோன்இன்ஃபோ உள்ளேயே இருக்கிறது. யூடிசி நேரத்தை எடுத்து, ஓட்டலின் நேரமண்டலத்துக்கு மாற்றி, அப்புறம்தான் தேதியைப் பிரித்தெடுக்க வேண்டும். விண்டோஸில் ஜோன்இன்ஃபோவுக்கு வேண்டிய நேரமண்டலத் தரவுத்தளம் இல்லாததால் டிஇசட்டேட்டா என்ற பொதியைச் சார்புப் பட்டியலில் சேர்க்காவிட்டால் தம்பியின் கணினியில் சோதனை விழும். விழுந்தது, சேர்த்தோம்.

சோதனைக்கு ஒரே எண்ணை எடுத்துக்கொண்டோம்: 1228073400, அதாவது 1970 தொடக்கத்திலிருந்து யூடிசியில் எண்ணிய விநாடிகள். மொரீஷியஸில் இது 2008 டிசம்பர் 1, நள்ளிரவு தாண்டி அரை மணி. ரீயூனியனில் நவம்பர் 30, இரவு பதினொன்றரை. ஒரே விநாடி, இரண்டு தீவு, இரண்டு மாதம். இந்த இரண்டு வரிச் சோதனை இருக்கும்வரை யாரும் மறுபடி 14400ஐக் கொண்டுவந்து செருக முடியாது.

டெர்மினலில் கையால் பார்க்க வேண்டுமென்றால் டிஇசட் மாறியில் மண்டலத்தின் பெயரை வைத்து, டேட் கட்டளைக்குச் சின்ன டி ஆப்ஷனோடு @ குறியும் எண்ணும் கொடுக்கலாம். மேக்கில் டி கிடையாது, ஆர் ஆப்ஷன், @ வேண்டாம். ஜாக்கிரதை: மண்டலப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் லினக்ஸில் டேட் எச்சரிக்காது, சத்தமில்லாமல் யூடிசி நேரத்தைக் காட்டும். ஜோன்இன்ஃபோ அப்படி இல்லை, அப்படியொரு மண்டலமே இல்லை என்று நின்றுவிடும்.

நிலைத்தவை, போனவை

இதை ஒட்டி எல்லோருடைய அமைப்புகளையும் ஒரு முறை மேசையில் பரப்பிப் பார்த்தோம். மற்றவரைப் பாதிக்கும் எதுவும் தனி ஆளின் கணினியில் இருக்கக் கூடாது என்று முடிவானது. வரிமுடிவு, குறியாக்கம், உள்தள்ளல் எல்லாம் எடிட்டர் கான்ஃபிக் ஃபைலாக ரெப்போவுக்குள் போயின. வரிக்கடைசி இடைவெளியை வெட்டும் அமைப்பை மார்க்டவுன் ஃபைல்களுக்கு மட்டும் அணைத்தோம், அங்கே வரிக்கடைசியில் இரண்டு இடைவெளி என்றால் வரியை உடை என்று அர்த்தம்.

கிட்டில் புஷ் ஆட்டோ செட்டப் ரிமோட் எல்லோருக்கும் பிடித்தது. புதுக் கிளையை முதல் தடவை தள்ளும்போது வரும் அந்த நீளமான அறிவுரை இனி இல்லை. ஒரே வரியை இருவர் மாற்றினால் வரும் மோதலைக் காட்டும் இசட்டிஃப்3 பாணி, இரண்டு பக்கத்தோடு மூலத்தையும் நடுவில் காட்டுவதால் நிலைத்தது. மோதலைத் தீர்த்த விதத்தை நினைவில் வைக்கும் ரீரீரீயை நான் பரிந்துரைத்தேன், அக்கா எதிர்த்தார். ஒரு மோதலைத் தப்பாகத் தீர்த்தால் அந்தத் தப்பையும் அது நினைவில் வைத்து அடுத்த முறை போட்டுவிடும், மறக்கச் சொல்லத் தனிக் கட்டளை வேண்டும். வேண்டியவர் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

ஹெல்ப் ஆட்டோ கரெக்ட் போனது. தட்டச்சுப் பிழையை ஊகித்துக் கிட் தானே ஒரு கட்டளையை ஓட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை. கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ப்ரீ கமிட் ஹூக்கில் முழுச் சோதனையையும் வைத்திருந்தோம், அதுவும் போனது. கமிட் செய்ய அவ்வளவு நேரம் ஆனால் எல்லோரும் நோ வெரிஃபை போட்டுத் தாண்டத்தான் செய்வார்கள். இப்போது அங்கே வரிமுடிவுச் சோதனையும் ஃபார்மேட்டரும் மட்டும், மாறிய ஃபைல்களுக்கு மட்டும்.

ஓட்டல்காரர்கள் தந்த கூடுதல் பதிவுகளில் ஒரு தொகுதி உள்ளூர் நேரத்தில் இருந்தது, யூடிசியில் இல்லை. 2009 மார்ச் 29 அதிகாலை இரண்டு மணி ஆனதும் கடிகாரம் திரும்ப ஒரு மணிக்குப் போனது, எனவே ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் அன்று இரண்டு தடவை வந்தது. 1:40 என்று போட்ட பில் எந்த 1:40? பைதானில் ஃபோல்ட் என்ற பண்பு இதற்காகவே இருக்கிறது, முதல் தடவைக்கு 0, இரண்டாம் தடவைக்கு 1. எது என்று அதுவாகத் தெரிந்துகொள்ளாது. பில் எண்கள் ஏறுவரிசையில் இருந்தன. எண் ஏறும்போது நேரம் பின்னால் குதிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பிந்தையவற்றுக்கு ஃபோல்ட் 1 என்று அக்கா கையால் குறித்துக் கொடுத்தார்.